தேசிக்காய் இல்லாமல் ஒரு கோச்சிப் பயணம்

1

நேற்று எங்கள் வீட்டில் கேக் வெட்டினோம். யாருக்கும் பிறந்த நாள் இல்லை. கலியாண நாளும் இல்லை. கலியாண நாளை மறப்பதில் நானும் என் மனைவி மங்கையும் மிகவும் ஒற்றுமையான தம்பதிகள். நான் லண்டனில் நிலத்துக்கு அடியில் ஓடும் ரயிலில், எங்கள் ஊர்ப் பேச்சில் கோச்சியில், தனியாக ஏறி, உயிரோடு இறங்கி, நேற்றோடு ஒரு வருடம். அதற்குத்தான் கேக்.

எங்கள் ஊரான அக்கராயனில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துச் சிரியுங்கள். இன்னும் இருக்கிறது. எனக்குச் சம்பளம் தருவதே அந்த ரயில்தான். அதாவது, ரயில் கீழே ஓடும். நான் மேலே நிலையத்து வாசலில் ஒரு மரக் கூட்டுக்குள் நின்று, வெளியே போகிறவர்களிடம் டிக்கட் வாங்குவேன். தொப்பி, கறுப்புக் கோட்டு, வெள்ளிப் பொத்தான்கள். அந்த உடுப்போடு எடுத்த படத்தை ஊருக்கு அனுப்பியபோது, நான் ரயில் ஓட்டுவதாக யாரோ கதை கட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த யாரோ நான்தான்.

எல்லா ரயிலிலும் சும்மா போய்வர எங்களுக்கு ஒரு பாஸ் தருவார்கள். மற்றவர்களின் பாஸ் மடிந்து, கசங்கி, எண்ணெய் பட்டுக் கிடக்கும். என்னுடையது அச்சகத்தில் இருந்து அன்றைக்குத்தான் வந்தது போல மினுங்கும். "இதைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாயா?" என்று என் மேலதிகாரி ஒருநாள் கேட்டார். அவர் பகிடியாகத்தான் கேட்டார். உண்மையில் அது அங்கேதான் இருந்தது. நான் வேலைக்கு நடந்து போய் நடந்து வந்தேன். மழையிலும், பனியிலும், சப்பாத்துக்குள் தண்ணீர் சளக் சளக் என்று பாட்டுப்பாட.

2

எப்படி இந்தக் கூத்து தொடங்கியது என்று சொல்கிறேன். வந்த புதிதில் நானும் எல்லாரையும் போல ரயிலில்தான் போய்வந்தேன். ஒரு மாலை, பெட்டி நிறையச் சனம். யாரோ ஒருவரின் குடை என் விலாவில், வேறொருவரின் முழங்கை என் மூக்குக்கு நேரே. சுரங்கத்தின் நடுவில் ரயில் நின்றது. லண்டனில் ரயில் அப்படி நிற்பது புதினமே இல்லை. ஆனால் அன்று என் நெஞ்சு திடீரென்று அடிக்கத் தொடங்கியது. அடித்தது என்றால், உள்ளே ஒரு கோழி செட்டையடித்தது. மூச்சு எடுக்க எடுக்கப் போதவில்லை. விரல்கள் விறைத்தன. நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அதுவும் அந்நிய ஊரில், குடைக்கும் முழங்கைக்கும் நடுவில், விழுந்து சாகக்கூட இடமில்லாமல்.

அடுத்த தரிப்பில் பாய்ந்து இறங்கி, அங்கே கிடந்த வாங்கில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரி. அந்தச் சரியில்தான் பிழை இருந்தது. "இறங்கினேன், தப்பினேன்" என்று என் மூளை கல்லில் எழுதி வைத்துவிட்டது. அடுத்த நாள் ரயில் வாசலுக்குப் போனதுமே கோழி செட்டையைத் தட்டியது. நான் திரும்பினேன். கோழி அடங்கியது. பிறகு பஸ்ஸின் மேல்தட்டு விலக்கானது. பிறகு கீழ்த்தட்டு. பிறகு சனம் கூடிய கடைகள், கோயில் என்று நாங்கள் கூடும் வாடகை மண்டபம். வயலில் ஒரு மூலையில் முளைத்த கோரைப் புல்லைச் சும்மா விட்டால் எப்படிப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மங்கையிடம் கூட நான் சொல்லவில்லை. நடந்தால் உடம்புக்கு நல்லது என்றேன். அவள் என் வயிற்றைப் பார்த்தாள்.

காட்டிக் கொடுத்தது மகள் நளினி. அவளுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் நத்தாருக்கு முதல் ஒரு நாடகம் போடுவார்கள். யேசு பிறந்த கதை. அந்த வருடம் இவள் ஒரு செம்மறி ஆடு. நான் வேலை முடிந்து ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது கதிரைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆடு அழவில்லை. வாசலில் நின்ற இன்னொரு பிள்ளையின் தாய்க்கு என்னைக் காட்டி, தன் அழகான ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது: "எங்கள் அப்பா ரயிலில் போவதில்லை." நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்று சொல்வாளே, அதே குரல்.

அன்று வீடு வந்ததும் மங்கை குசினிக் கதவைச் சாத்தினாள்.

"என்னப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. ஆரும் கடன்காரன் கோச்சிக்குள்ளை நிக்கிறானோ?"

"இல்லை."

"ஆரும் வெள்ளைக்காரி?"

"உமக்கு விசரே? நெஞ்சுக்குள்ளை ஒரு மாதிரி வருது. செத்துப்போடுவன் போலை கிடக்கு. சொன்னா விசரன் எண்டு நினைப்பீர்."

"அதைப் பதினொரு வருசமா நினைச்சுக்கொண்டுதானே இருக்கிறன். நாளைக்கு டொக்டரிட்டைப் போவம்."

3

டொக்டரிடம் என் நெஞ்சுக்குள் ஒரு கோழி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். "கோழி இல்லை," என்றார். "ஆனால் இருதயம் மாட்டின் இருதயம் போல் இருக்கிறது." அது நல்ல செய்தி என்று பிறகுதான் விளங்கியது. இரத்தம் பார்த்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். எல்லாம் சரி. எனக்கோ பெரிய ஏமாற்றம். இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கு ஒரு சின்ன வியாதியாவது இருந்திருக்கலாம்.

இது பதகளிப்பு நோய் என்றார் டொக்டர். விசர் இல்லை, விசரின் தம்பியும் இல்லை. ஆபத்து வந்தால் ஓட உடம்புக்குள் ஒரு மணி இருக்கிறதாம்; அது அடித்தால் நெஞ்சும் மூச்சும் ஓட்டத்துக்கு ஆயத்தமாகும். எனக்கு அந்த மணி புலி வராமலே அடிக்கிறது. மணியில் கோளாறு, மனிதனில் இல்லை.

முதலில் குளிசை தந்தார். குளிசையைக் குறை சொல்லமாட்டேன், அது சிலருக்குக் கை கொடுக்கும் என்கிறார்கள். எனக்கு அது நித்திரையைத் தந்தது. நின்றபடி தூங்கி, ஒரு கனவான் நீட்டிய டிக்கட்டை விட்டுவிட்டு அவருடைய கையுறையைக் கழற்றி வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். டொக்டர் குளிசையைக் குறைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பகுதிக்கு ஒரு கடிதம் தந்தார்.

4

இந்த இடத்தில் நான் அக்கராயனுக்கு வரவேண்டும். கதைக்குள் ஒரு மாடு காத்துக்கொண்டு நிற்கிறது.

ஐம்பதுகளில் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்தில் இருந்து நாங்கள் அங்கே போனபோது எனக்கும் மங்கைக்கும் கலியாணமாகிச் சில மாதம். நான் கிணற்றைப் பார்த்து வளர்ந்தவன். கடல் போல ஒரு குளத்தைக் கண்டதில்லை. முதல் மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தது. மேலதிகத் தண்ணீரை வெளியே விடத்தான் வான் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. விடியற்காலை அந்தப் பேரிரைச்சலைக் கேட்டதும், "குளம் உடைச்சிட்டுது!" என்று ஊரெல்லாம் கேட்கக் கத்திக்கொண்டு, தலையணையையும் தூக்கிக்கொண்டு பாலை மரத்தில் ஏறிவிட்டேன். மனைவியைத் தூக்கவில்லை என்பதை அவள் இன்று வரை மறக்கவில்லை.

பக்கத்துக் காணி வேலுப்பிள்ளை அண்ணை மரத்தடியில் வந்து நின்றார்.

"தம்பி, இறங்கும். குளம் உடைக்கேல்லை, வான் பாயுது. உடையாமல் இருக்கத்தான் பாயுது."

"இரைச்சல் கேக்கேல்லையோ அண்ணை?"

"இரைச்சல் பெருசுதான். தண்ணி உம்மடை முழங்காலுக்குத்தான் வரும். தலையணையைக் கீழை போடும், நனையப்போகுது."

நான் இறங்கிவிட்டேன். ஆனால் எங்கள் வண்டில் மாடு சுட்டியன் இறங்கவில்லை. அதாவது மனதால் இறங்கவில்லை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி போட்ட செவலை எருது. வானுக்குக் கீழே பாதை தண்ணீரைக் கடக்கும் இடத்தில் அது போய்க்கொண்டிருந்தபோது இரைச்சல் தொடங்கி வெருண்டுவிட்டது. அதற்குப் பிறகு, கோடையில் சொட்டுத் தண்ணீர் இல்லாத காலத்திலும், அந்த இடத்துக்கு வந்தால் நாலு காலையும் ஊன்றி, உடம்பு நடுங்க, மூக்கால் ஊதிக்கொண்டு நிற்கும். எங்கள் வயல் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். சோடி மாடு மயிலையனோ ஒன்றுக்கும் அசையாது. இடி விழுந்தாலும் அசைபோடும்.

அந்த இடத்தில் வைரவர் நிற்கிறார், மாட்டுக்குத் தெரிகிறது என்றார்கள். நூல் ஓதிக் கட்டினோம். தேசிக்காய் என்கிற எலுமிச்சங்காயை வெட்டிப் போட்டோம். சுட்டியன் தேசிக்காயைத் தின்றுவிட்டு நடுங்கியது. பிறகு நான் ஒரு பெரிய உபாயம் கண்டுபிடித்தேன். சாக்கால் அதன் கண்ணைக் கட்டினேன். என்ன அதிசயம், மாடு பூனை போல நடந்து கடந்தது. அறுவடை வரை சாக்குத்தான். ஊரில் என் மூளையைப் புகழ்ந்தார்கள். நானும் சேர்ந்து புகழ்ந்தேன்.

கடைசி வண்டில் நெல் ஏற்றி வரும்போது, சரியாக அந்த இடத்தில் சாக்கு கழன்று விழுந்தது. சுட்டியன் கண்ணைத் திறந்தது. தான் நிற்கும் இடத்தைக் கண்டது. அதற்குப் பிறகு நடந்ததை நான் முழுதாகப் பார்க்கவில்லை, ஏனென்றால் என் தலை சேற்றுக்குள் இருந்தது. மேலே நெல் மூட்டை, அதற்கு மேலே மங்கையின் குரல்.

"சாக்கு நடந்ததப்பா இவ்வளவு நாளும்! மாடு நடக்கேல்லை!"

பிறகு பொறுமையாகத்தான் பழக்கினோம். அந்த இடத்துக்கு வெகு தூரத்தில், மயிலையனோடு சேர்த்துக் கட்டி, ஒரு ஓட்டைத் தாச்சியில் எள்ளுப் பிண்ணாக்கு வைத்தோம். நடுங்கியபடி மோந்தது. நாங்கள் இழுக்கவும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவும் இல்லை. நடுக்கம் தானாக நின்று, அது தின்னத் தொடங்கும் வரை நின்றோம். பிறகு தாச்சியைக் கொஞ்சம் கிட்ட. இன்னும் கொஞ்சம் கிட்ட. கொக்குகள் எங்களைப் பார்த்து அலுத்துவிட்டன. அடுத்த மாரியில் வான் பாய்ந்தபோது சுட்டியன் காதை மட்டும் ஆட்டிக்கொண்டு தண்ணீருக்குள்ளால் நடந்துபோனது. வண்டிலின் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தவன் நான்.

5

ஆஸ்பத்திரியில் எனக்கு வாய்த்தவர் மிஸ் கிரீன் என்ற இளம் பெண். கட்டிலில் படுக்கச் சொல்லி என் தாய் தகப்பனைப் பற்றிக் கேட்பார் என்று பயந்து போனேன். அவரோ, "வாருங்கள், ஓடும் படிக்கட்டைப் பார்த்துவிட்டு வருவோம்," என்றார்.

அவருடைய வைத்தியம் இதுதான். பயம் ஏறும், ஏறி ஓரிடத்தில் நிற்கும், நீ ஓடாவிட்டால் தானாக இறங்கும். நீ ஒவ்வொரு முறையும் உச்சியில் ஓடிவிடுவதால், அது இறங்கும் என்பதை நீ கண்டதே இல்லை. ஆகையால் சின்னப் பயத்தில் தொடங்குவோம், அது இறங்கும் வரை நிற்போம், பிறகு அடுத்ததற்குப் போவோம். முதலில் படிக்கட்டின் தலைப்பில் நிற்பது. பிறகு கீழே போய், ரயில்களைப் போகவிட்டுப் பார்ப்பது. பிறகு அவரோடு ஒரு தரிப்பு. பிறகு அவர் பக்கத்துப் பெட்டியில். கடைசியில் தனியாக.

வீட்டுக்கு வந்து இதை மங்கைக்குப் பெரிய விஞ்ஞானமாக விளக்கினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உது சுட்டியனைப் பழக்கின மாதிரியெல்லோ?"

"இது மனோதத்துவம், மங்கை."

"ஓம் ஓம். பிண்ணாக்கு என்ன குடுக்கினம்?"

மிஸ் கிரீனோடு ஒரு தரிப்பு போனேன். நன்றாகவே போனேன். இரண்டாம் முறையும் போனேன். மூன்றாம் முறை அவர் மூக்கைச் சுருக்கி, "என்ன வாசம்?" என்று கேட்டார். கோட்டுப் பையில் இருந்து தேசிக்காயை எடுத்துக் காட்டினேன். புளியங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறுகிற எவரும் தேசிக்காய் இல்லாமல் ஏறமாட்டார் என்று விளக்கினேன். தலைசுற்றுக்கும் அது, சத்தி வாந்திக்கும் அது, கண்ணூறுக்கும் அது. மோந்தால் நெஞ்சு அடங்கும். லண்டனில் நல்ல தேசிக்காய் எடுக்க நான் எந்தச் சந்தைக்கு நடக்கிறேன் என்பதையும் சொன்னேன்.

அவர் அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "அப்படியென்றால் இன்று ரயிலில் வந்தது தேசிக்காய். நீங்கள் அதைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறீர்கள்."

சேற்றுக்குள் தலையை வைத்துக்கொண்டு கேட்ட அதே வசனம்! இம்முறை ஆங்கிலத்தில். இனிமேல் கொண்டுவரமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். செய்துவிட்டு, அதைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டேன்.

6

அடுத்த நத்தார் வந்தது. நளினிக்கு இந்த முறை பதவி உயர்வு: மரியாளோடு வரும் கழுதையின் பின்கால்கள். முன்கால்கள் மார்கரெட் என்ற பிள்ளை. இரண்டு பேரும் ஒரு சாம்பல் போர்வைக்குள் குனிந்து நடக்கவேண்டும். வீட்டில் ஒத்திகை நடந்தது. மார்கரெட் இல்லாதபோது முன்கால் நான்; நடக்க நடக்க அவளுக்குச் சுட்டியனின் கதையும் சொன்னேன்.

"அப்பா, நீங்கள் வருவீங்களா?" என்று போர்வைக்குள் இருந்து கேட்டாள்.

"வருவன்."

"ரயில்லயா?"

நான் முன்கால் என்பதால் அவள் என் முகத்தைப் பார்க்க முடியாது. அது வசதி. "ஓம்," என்றேன்.

நத்தார் வாரத்தில் விடுமுறை கேட்கவே கூடாது. வேலை முடிந்து நாடகம் தொடங்குவதற்குள் போய்ச் சேர ரயில் ஒன்றுதான் வழி. நடந்தால் மறுபடி மடித்த கதிரைதான். மங்கை மகளோடு முதலே போய்விட்டாள். நான் தொப்பியோடும் கோட்டோடும் ஓடும் படிக்கட்டில் இறங்கினேன். கோழி தலையைத் தூக்கியது. ரயில் வந்தது. ஏறினேன். கதவு மூடியது. மிஸ் கிரீன் இந்தப் பெட்டியிலும் இல்லை, அடுத்த பெட்டியிலும் இல்லை.

நீங்கள் நினைப்பது சரி. சுரங்கத்தின் நடுவில் ரயில் நின்றது. விளக்கு ஒருமுறை செத்து உயிர்த்தது.

கோழி பறந்தது. மூச்சு முட்டியது. விரல் விறைத்தது. என் கை, சத்தியத்தையெல்லாம் மறந்து, தானாகக் கோட்டுப் பைக்குள் போனது. தேசிக்காய் இல்லை. அந்த இடத்தில் எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய ஏதோ ஒன்று. எடுத்துப் பிரித்தேன். எள்ளுருண்டை.

மாட்டுக்கு எள்ளுப் பிண்ணாக்கு, மாட்டுக்காரனுக்கு எள்ளுருண்டை!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் போகவில்லை. பயமும் சிரிப்பும் ஒரே நெஞ்சுக்குள் இடிபட்டன. ஓடவும் இடமில்லை. சரி, குளம் உடையவில்லை, வான் பாய்கிறது, இரைச்சல் பெரிதுதான், முழங்காலுக்குத்தான் வரும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, எள்ளுருண்டையைக் கடித்தேன். பக்கத்தில் ஒரு முதியவர் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். லண்டன் ரயிலில் பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது பெரிய குற்றம். நான் பேசினேன்.

"என் மகள் கழுதையின் பின்கால்கள்," என்றேன்.

அவர் பத்திரிகையை மெல்ல இறக்கினார். என்னைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், எள்ளுருண்டையைப் பார்த்தார்.

"முன்கால்கள் யார்?" என்று கேட்டார்.

மார்கரெட்டைப் பற்றிச் சொன்னேன். தன் மகன் ஒருகாலத்தில் இதே கதையில் நட்சத்திரமாக நின்று மேடையில் இருந்து விழுந்ததாக அவர் சொன்னார். எதிரில் இருந்த பெண்மணி தன் பேத்தி இம்முறை சத்திரக்காரன் என்றார். நான் மறுபடி என் நெஞ்சைத் தேடிப் பார்த்தபோது ரயில் எப்போதோ புறப்பட்டிருந்தது. கோழி கூட்டுக்குப் போய் அடைந்திருந்தது. அது போனதை நான் கவனிக்கவே இல்லை.

மண்டபத்துக்குள் நான் நுழையும்போது கதிரைகள் எல்லாம் விரித்தபடி இருந்தன. கழுதை மேடைக்கு வந்தது. பாதி வழியில் முன்கால்கள் சனத்தைக் கண்டு நின்றுவிட்டன. மார்கரெட் நடுங்குவது போர்வைக்கு மேலே தெரிந்தது. மரியாள் காத்துக்கொண்டு நின்றாள். ஆசிரியை திரைக்குப் பின்னால் இருந்து கையைக் காட்டினார். கழுதை அசையவில்லை. அப்போது அதன் பின்பக்கத்தில் இருந்து, பெத்லகேமுக்குப் போகும் பாதையில், அக்கராயன் தமிழில் ஒரு குரல்:

"நட சுட்டியா, நட! வான்தான் பாயுது!"

மார்கரெட்டுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் கழுதை நடந்தது. மண்டபம் முழுக்கச் சிரிப்பு. மங்கை சிரித்துக்கொண்டு என் கையைக் கிள்ளினாள். நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு அவளும் நிறுத்தினாள்.

7

மூவரும் ரயிலில் திரும்பினோம். மங்கையிடம் தேசிக்காய் எங்கே என்று கேட்டேன்.

"காலமை சொதிக்குள்ளை விட்டனான். நல்ல புளிப்பு எண்டு ரெண்டு கோப்பை குடிச்சனீங்கள்."

எள்ளுருண்டையைப் பற்றி மிஸ் கிரீனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவேண்டாம். மணி இடைக்கிடை இன்னும் அடிக்கிறது. அடிக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அடிக்கட்டும், நான் இறங்குவதில்லை. ஊரில் யாருக்காவது இப்படி நெஞ்சு அடித்தால், முதலில் ஆஸ்பத்திரியில் நெஞ்சைக் காட்டுங்கள். நெஞ்சு சரி என்றால் விசரன் என்று சொல்லாமல், பக்கத்தில் போய் மயிலையனைப் போல நில்லுங்கள். இழுக்கவும் வேண்டாம், வீட்டுக்குத் திருப்பவும் வேண்டாம்.

நளினி என் பக்கத்தில் இருந்தாள். முகத்தில் இன்னும் சாம்பல் பூச்சு.

"அப்பா, பயந்தீங்களா?"

"ஓம். நல்லாப் பயந்தனான்."

"நானும்," என்றாள். கொஞ்ச நேரத்தில் என் மடியில் தலையை வைத்து நித்திரையாகிவிட்டாள்.

எங்கள் தரிப்பு வந்தது. மங்கை எழும்பினாள். நான் எழும்பவில்லை. பிள்ளை நித்திரை என்று கையால் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு திரும்ப வந்து இருந்தாள். "ஏத்தத்தான் கஷ்டம் எண்டு நினைச்சன். இப்ப இறக்கவும் ஏலாமல் கிடக்கு," என்று மட்டும் சொன்னாள். கதவு மூடியது. தரிப்புகள் ஒவ்வொன்றாக வந்து போயின. பாதை முடியும் கடைசி நிலையம் வரை போனோம்.

வாசலில், மரக் கூட்டுக்குள், என்னைப் போலவே தொப்பியும் வெள்ளிப் பொத்தானுமாக ஒருவர் நின்றார். தோளில் கழுதையின் பின்கால்களோடு வந்த என்னை அவர் ஏற இறங்கப் பார்த்தார். நான் என் மினுங்கும் பாஸை நீட்டினேன்.

"என்ன, நண்பரே, நித்திரையாகி வந்துவிட்டீரா?"

"இல்லை," என்றேன். "வழி முழுக்க முழித்துக்கொண்டுதான் வந்தேன்."